இருகரைத் தாளம்: சி. ராமச்சந்திராவின் வாழ்க்கை

வஞ்சிக்கோட்டை வாலிபன் படத்தின் போட்டி நடனத்தை அறியாத தமிழ் மாணவர் இருத்தல் அரிது. 1958இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட அப்படத்தை நம் பாட்டிமார் கொட்டகையில் கண்டனர். அன்னையர் தொலைக்காட்சியில் கண்டனர். நாம் கைப்பேசியில் காண்கிறோம். ஆடியவர் யார் என்றால், பத்மினியும் வைஜயந்திமாலாவும் என்று விடை உடனே வருகிறது. பாடியவர் பி. லீலாவும் ஜிக்கியும் என்று சொல்வாரும் உளர். பாடல் கொத்தமங்கலம் சுப்புவினுடையது என்று எடுத்துரைக்கும் முதியவரும் சில வீடுகளில் இருப்பர். மெட்டமைத்தவர் யார் என்று கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

மெட்டமைத்தவர் சி. ராமச்சந்திரா. மராட்டியர், இந்தித் திரையுலகில் புகழ்க்கொடி நாட்டியவர். கடல் கடந்து வந்த லத்தீன் அமெரிக்கத் தாளத்தையும் நம் நாட்டு இராகத்தையும் ஒரே பாட்டில் அமர வைத்துக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். இன்று லத்தீன் ராக் என்று உலகம் பெயரிட்டு அழைக்கும் இசைக்கு, அவர் செய்த வேலை ஒன்றுவிட்ட உறவு எனலாம். அவர் வாழ்க்கையை அறிவதோடு, அவருக்குப் பின்னால் ஊதியும் தட்டியும் உழைத்து, பெயர் விளங்காமல் மறைந்த வாத்தியக்காரர்களையும் ஓரளவு அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொச்சியும் மறுகரையும்

கொச்சியில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. மட்டாஞ்சேரியின் தெருக்களை எண்ணிப் பாருங்கள். மிளகும் சுக்கும் மணக்கும் பசார் ரோடு ஒரு பக்கம். குஜராத்தி வணிகர் வாழும் தெரு ஒரு பக்கம். யூதத் தெரு மற்றொரு பக்கம். கொங்கணி பேசுவோர், தக்காணி உருது பேசுவோர், கச்சு நாட்டிலிருந்து வந்தோர், நம் தமிழர் என, சிறிது தூரம் நடப்பதற்குள் பல மொழிகள் காதில் விழுகின்றன. துறைமுகம் உள்ள இடத்தில் சரக்கு மட்டுமா இறங்குகிறது? பாட்டும் கூடவே இறங்குகிறது.

1500ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டுக் கப்பற்படைத் தலைவன் கப்ரால் ஏப்ரல் மாதத்தில் பிரேசில் கரையைத் தொட்டான். அதே பயணத்தில், அதே ஆண்டின் இறுதியில், கொச்சித் துறையை வந்தடைந்தான். ஒரே பயணத்தின் இரு கரைகள் பிரேசிலும் கொச்சியும்! அந்தக் கரையில் ஐபீரிய நாட்டார் கொண்டுசென்ற கித்தாரும், அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முரசும், மண்ணின் மைந்தர்களின் பாட்டும் கலந்தன. பிரேசிலில் சாம்பா பிறந்தது. கியூபாவில் ரும்பாவும் மாம்போவும் பிறந்தன. இந்தக் கரையில், கொச்சியிலும் கோவாவிலும், தேவாலயப் பாடகர் குழுவும் வயலினும் வேரூன்றின. இவ்விரு கரைகளின் இசையும் நானூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பம்பாயின் ஒலிப்பதிவுக் கூடங்களில் சந்தித்துக்கொண்டன. சந்திக்க வைத்தவருள் முதன்மையானவரே நம் ராமச்சந்திரா.

பம்பாயில் பிறந்த மெட்டுகள் மீண்டும் கடற்கரை வழியே கொச்சிக்கு வந்ததும் உண்டு. இவ்வூரின் அன்பிற்குரிய பாடகர் மெகபூப் (1926–1981), 1951இல் வெளிவந்த ஜீவித நௌக என்னும் மலையாளப் படத்தில் பாடிய பாட்டு, இந்தி மெட்டு ஒன்றின் மேல் மலையாளச் சொற்களை அமைத்ததேயாகும். மெகபூபின் வீட்டு மொழி உருது. ஒருவரின் மெட்டு, மற்றொருவரின் மொழி, மூன்றாமவரின் குரல்! மட்டாஞ்சேரிக்கு இத்தகைய கலப்பு புதிதன்று.

இளமையும் பயிற்சியும்

ராமச்சந்திர நரகர் சித்தல்கர் 1918ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் மகாராட்டிரத்தில் புணதாம்பா என்னும் சிற்றூரில் பிறந்தார். நாகபுரியில் சங்கரராவ் சப்ரே என்பவரிடமும், பூனாவின் கந்தர்வ மகாவித்தியாலயத்தில் வினாயகபுவா பட்டவர்த்தனிடமும் இந்துஸ்தானி இசை பயின்றார். பிற்காலத்தில் மேனாட்டுத் தாளங்களை அவர் எவ்வளவு துணிந்து கையாண்டபோதும் பாட்டின் இராகம் கலையாமல் நின்றதற்கு இளமையில் இட்ட இந்த அடிப்படையே காரணம்.

திரையுலகில் அவர் நுழைந்தது இசையமைப்பாளராக அன்று, நடிகராக. ஒய். வி. ராவ் இயக்கிய நாகானந்த் என்னும் படத்தில் அவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைத்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த சிந்தாமணியை 1937இல் தமிழருக்கு அளித்த அதே ராவ்தான் இவர். ஆனால் நாகானந்த் ஓடவில்லை. நடிப்பு கைகொடுக்காது என்று கண்ட இளைஞர் சொராப் மோடியின் மினர்வா நிறுவனத்தில் சேர்ந்து, அங்கிருந்த இசையமைப்பாளர்களுக்குத் துணையாக ஆர்மோனியம் வாசித்து வயிறு வளர்த்தார். தோல்வி சிலரை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது. சிலரை உரிய இடத்திற்குக் கொண்டுசேர்க்கிறது. ராமச்சந்திரா இரண்டாம் வகை.

தமிழில் தொடங்கிய பணி

இனி நாம் பெருமிதம் கொள்ளத்தக்க ஒரு செய்தி. இந்தித் திரையிசையின் மன்னர் என்று போற்றப்பட்ட இவர், தனியே இசையமைக்கத் தொடங்கியது இந்தியில் அன்று, தமிழில். ஜெயக்கொடி, வனமோகினி என்னும் இரு தமிழ்ப் படங்களே இசையமைப்பாளராக அவருக்கு வாய்த்த முதற்படிகள். பம்பாய்க் கூடங்களில் தமிழ்ப் படங்கள் தயாரிக்கப்பட்ட காலம் அது. மொழி தெரியாத ஓர் இளைஞர், பொருளைக் கேட்டறிந்து, சொல்லின் ஓசையைக் காதால் அளந்து மெட்டமைத்தார்.

அவருடைய நெருங்கிய நண்பரான பகவான் என்பாரும் தமிழோடு தொடர்புடையவரே. மல்யுத்தக்காரரைப் போன்ற உடற்கட்டும் குழந்தையின் சிரிப்பும் உடைய அந்நடிகர், இலங்கையைச் சேர்ந்த தவமணிதேவி நடித்த வனமோகினியை 1941இல் தமிழில் இயக்கினார். 1942இல் பகவானின் சுகீ ஜீவன் வாயிலாக ராமச்சந்திரா இந்தியில் இசையமைப்பாளரானார். இந்த இருவர் நட்பு பின்னாளில் ஒரு பெரும் வெற்றியை ஈன்றது.

பம்பாயின் வாத்தியக்காரர்

அந்த வெற்றியை விளக்குமுன், அதற்குத் துணைநின்ற மனிதர்களைக் காண வேண்டும்.

கோவா 1961 வரை போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள தேவாலயப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தோடு இசையெழுத்தும் கற்பித்தனர். ஐந்து கோட்டின் மேல் புள்ளியிட்டு எழுதும் மேனாட்டு முறையைச் சிறு வயதிலேயே படித்துவிடுவர்; வயலின் வாசிப்பர். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தபோது அப்பயிற்சியே அவர்களுக்குச் சோறிட்டது. பெரிய ஓட்டல்களின் நடனக் கூடங்களில் வாசித்தனர். 1935இல் லியான் அபி என்னும் கறுப்பின இசைஞரின் ஜாஸ் குழு பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தது. இவ்வாறு வந்த குழுக்களிடமிருந்தும், இசைத்தட்டுகளிலிருந்தும், ஹாலிவுட் படங்களிலிருந்தும் ஜாஸ், ரும்பா ஆகியவற்றைக் கோவா இளைஞர் கற்றுக்கொண்டனர்.

அவர்களுள் ஒருவர் அந்தோனியோ சேவியர் வாஸ். வடகோவாவின் அல்டோனா ஊரினர். டிரம்பெட் வாசிப்பதில் வல்லவர். சிக் சாக்லேட் என்னும் மேடைப் பெயரால் விளங்கினார். இந்தியாவின் லூயி ஆம்ஸ்டிராங் என்று அவரைப் பாராட்டினர். இரவில் தாஜ் ஓட்டலில் தம் குழுவோடு வாசிப்பார். பகலில் திரைப்படக் கூடத்திற்கு வருவார்.

திரைப்படக் கூடத்தில் இவர்கள் செய்த வேலை என்ன? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டைப் பாடிக் காட்டுவார். கோவா நண்பர் அதைக் கோடிட்ட தாளில் எழுதிக்கொள்வார். எழுதியபின் அதற்கு உடையணிவிப்பார். வயலின்கள் எங்கே எழுவது, டிரம்பெட் எங்கே குறுக்கிடுவது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியை எது நிரப்புவது என்று ஒவ்வொரு வாத்தியத்திற்கும் தனித்தனித் தாள் எழுதித் தருவார். பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் ஒலிப்பதிவு செய்துகொண்ட காலம் அது. கடைசி வரியில் ஒருவர் தவறினாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்க வேண்டும். இவ்வளவும் செய்தவரின் பெயர் படத்தின் எழுத்துகளில் வருவது அரிது. இசை என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பெயர் மட்டுமே நிற்கும்.

தாளம் இன்னதென்பது

லத்தீன் தாளம் என்பது யாது? கியூப இசையின் முதுகெலும்பு கிளாவ் என்னும் அடி. இரண்டு சிறு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்புவர். பதினாறு எண்ணிக்கையில் ஐந்தே தட்டுகள். நம் சொற்கட்டில் சொன்னால் எளிதில் விளங்கும்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு என்று கணக்கு பதினாறில் முடியும். அடிகள் சமமாக விழாமல் முன்னும் பின்னும் தள்ளி விழுவதால் உட்கார்ந்திருப்பவரின் காலும் தானே ஆடத் தொடங்குகிறது. இதன் மேல் பாங்கோ, காங்கா ஆகிய கைமுரசுகளும், மராக்காஸ் என்னும் கிலுகிலுப்பையும் ஓடுகின்றன. பியானோவோ கித்தாரோ ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அத்தனைக்கும் மேலே பாட்டு மிதந்து செல்லும்.

ராமச்சந்திரா இதைக் கையாண்ட முறையைச் சில படங்களில் காணலாம். 1947இல் வந்த ஷெனாய் படத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குக் காதலியை அழைக்கும் வேடிக்கைப் பாட்டுக்குக் கித்தாரையும் வாயால் ஊதும் மௌத் ஆர்கனையும் சீழ்க்கையையும் பயன்படுத்தினார். பழமை விரும்பிகள் முகம் சுளித்தனர். நாடு முழுவதும் பாடித் திரிந்தது. 1950இல் வந்த சமாதி படத்தில், பிரேசில் நடிகை கார்மென் மிராண்டா 1945இல் ஹாலிவுட் படமொன்றில் பாடிய போர்ட்டோ ரிக்கோப் பாட்டின் மெட்டைத் தழுவினார். ஹாலிவுட் லத்தீன் சாயலில் செய்ததைப் பம்பாய் மீண்டும் இந்தியச் சாயலில் செய்தது. தழுவலைத் தழுவல் என்றே சொல்ல வேண்டும், மறைத்தல் நன்றன்று. எனினும் அவர் ஆற்றல் தழுவியதில் இல்லை. அதற்கடுத்த ஆண்டில் அவரே படைத்ததில் இருக்கிறது.

அல்பேலாவின் வெற்றி

1951இல் பகவான் தாமே தயாரித்து, இயக்கி, கீதா பாலியோடு நடித்த அல்பேலா வெளிவந்தது. நாடகமேடைக் கனவு காணும் ஏழை எழுத்தனின் கதை. அதன் பாடல்களில் பாங்கோவும் ஓபோவும் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் முழங்கின. ஒரு நடனக் காட்சியில் சிக் சாக்லேட்டும் அவர் குழுவினரும் கைகளில் மடிப்பு மடிப்பாகத் தைத்த லத்தீன் சட்டையணிந்து திரையிலேயே தோன்றினர். கூடத்தின் மூலையில் மறைந்திருந்த வாத்தியக்காரர் ஒரு முறையேனும் வெளிச்சத்தில் நின்ற காட்சி அது!

அதே படத்தில் ஒரு தாலாட்டும் உண்டு. பிலு இராகத்தின் இனிமை ததும்பும் அத்தாலாட்டையும், ஆர்ப்பரிக்கும் நடனப் பாட்டுகளையும் அமைத்தது ஒரே மனிதர். ஆண்குரல் பாட்டுகளைப் பாடியவரும் அவரே. பாடும்போது சித்தல்கர், இசையமைக்கும்போது சி. ராமச்சந்திரா. அல்பேலா நல்ல பிள்ளை என்னும் பெயரில் தமிழ் பேசியும் 1953இல் வந்தது. அதே 1953இல் அவர் இசையமைத்த அனார்கலி, இராகச் சுவையில் தோய்ந்த பாடல்களால் புகழ்பெற்றது. இரண்டு வகையிலும் வல்லவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1957இல் எம். வி. ராமன் இயக்கிய ஆஷா படத்தில் ராக் அண்டு ரோல் நுழைந்தது. ஈனா மீனா டீகா என்று தொடங்கும் பாட்டு பிறந்த கதை சுவையானது. ராமச்சந்திராவும் அவர் துணைவரான ஜான் கோம்ஸ் என்ற கோவாக்காரரும் மெட்டமைக்க அமர்ந்திருந்தனர். வெளியே விளையாடிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஆளெண்ணும் பாட்டைக் கூவிக்கொண்டிருந்தனர். அதையே பற்றிக்கொண்டு பொருளற்ற சொற்களை அடுக்கினர். கோம்ஸ் தம் தாய்மொழியிலிருந்து, எனக்கு வேண்டாம் என்று பொருள்படும் இரு கொங்கணிச் சொற்களையும் நுழைத்துவிட்டார். இந்தி கேட்ட நாட்டுக்கு அது வெறும் ஓசை. மட்டாஞ்சேரியின் கொங்கணி வீடுகளில் அது பொருளுள்ள பேச்சு! உடன் உழைத்தவர் தம் பெயரைப் பொறிக்க முடியாதபோது தம் மொழியையாவது பொறித்துச் சென்றார். இப்படம் 1959இல் அதிசயப் பெண் என்று தமிழிலும் எடுக்கப்பட்டது.

அமெரிக்காவில் அதே வேலை

ஆஷா வந்த மறு ஆண்டு, 1958இல், அமெரிக்காவில் ரிச்சி வேலன்ஸ் என்னும் பதினேழு வயது இளைஞன் லா பாம்பா என்ற பாட்டை இசைத்தட்டில் தந்தான். மெக்சிகோவின் வேராக்ரூஸ் துறைமுகப் பகுதியில் திருமணங்களில் ஆடிப்பாடி வந்த நாட்டுப்பாட்டு அது. அதற்கு மின் கித்தாரும் ராக் முரசும் சேர்த்தான். லத்தீன் ராக்கின் விடிவெள்ளி அவனே என்பர். 1959 பிப்ரவரி 3ஆம் நாள் விமான விபத்தில் அவன் மடிந்தான். பத்தாண்டு கழித்து, 1969இல், உட்ஸ்டாக் இசைவிழாவில் கார்லோஸ் சந்தானாவின் குழு காங்காவும் மின் கித்தாரும் கலந்து முழங்கியபோது இவ்விசைக்கு உலகப்புகழ் வந்தது. மறு ஆண்டு அக்குழு வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டும் கியூபத் தாளத்தில் வல்ல டிட்டோ புவெந்தே முன்னரே இயற்றியது.

கிளாவ் அடி, கைமுரசு, திரும்பத் திரும்ப வரும் தொடர், அவற்றின் மேல் பாடும் மின் கித்தார் ஆகிய நான்கும் கூடியது லத்தீன் ராக். சந்தானா என்ற ஒரு பெயரோடு நின்றுவிடுவோர் இழப்பது பெரிது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் 1960களில் எழுந்த தீ மிட்நைட்டர்ஸ், 1970இல் வீவா திராடோ பாட்டால் அறியப்பட்ட எல் சிகானோ, சந்தானாவின் தம்பி ஹோர்ஹே கித்தார் வாசித்த மாலோ, எஸ்கவேதோ உடன்பிறந்தார் அமைத்த அஸ்டெகா ஆகிய குழுக்களைத் தேடிக் கேளுங்கள். ஒரு பெரும் மரத்தின் நிழலில் எத்தனை நல்ல செடிகள் மறைந்து நின்றன என்பது விளங்கும்.

ராமச்சந்திரா செய்தது லத்தீன் ராக் என்று யான் சாதிக்கவில்லை. அவர் பாட்டில் மின் கித்தார் தலைமை தாங்கவில்லை. திரைக்கதைக்கு அடங்கியே அவர் இசை நடந்தது. ஆயினும், வீட்டுப் பாட்டை விட்டுவிடாமல் வெளித் தாளத்தை ஏற்பது எப்படி என்ற கேள்விக்கு வேலன்ஸ் கண்ட விடையும் இவர் கண்ட விடையும் ஒன்றே. ஒருவர் துறைமுகப் பாட்டைப் பாடினார். மற்றவர் பிலு இராகத்தைப் பாடினார்.

தெற்கின் அழைப்பு

தெற்கு இவரை மறக்கவில்லை. மலைக்கள்ளன் படத்தை 1954இல் எடுத்த கோவைப் பட்சிராஜா நிறுவனத்தார் அதை மறு ஆண்டு ஆசாத் என்று இந்தியில் எடுத்தனர். மிகக் குறுகிய நாளில் பாடல்கள் வேண்டும் என்றனர். நௌஷாத் இயலாது என்று மறுத்தார் என்றும், ராமச்சந்திரா ஏற்று முடித்துத் தந்தார் என்றும் திரையுலகினர் சொல்வர். அதில் சாயி, சுப்புலட்சுமி என்னும் தமிழ் நடன மணிகள் ஆடிய பாட்டு வடநாடு முழுவதும் ஒலித்தது. வாசனின் இன்சானியத் (1955), பைகாம் (1959), எல். வி. பிரசாத்தின் சாரதா (1957), அமரதீபத்தின் இந்தி வடிவமான அமர்தீப் (1958) என்று தென்னாட்டார் படங்கள் இவரைத் தேடி வந்தன.

அவ்வரிசையில் வந்ததே வஞ்சிக்கோட்டை வாலிபனும் அதன் இந்தி வடிவமான ராஜ் திலக்கும். போட்டி நடனத்தை மீண்டும் ஒரு முறை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மெட்டு நம்முடையதாகவே ஒலிக்கும். மராட்டியர் ஒருவர் அமைத்தது என்று யாரும் ஐயுறார். தமிழில் முதற்படி ஏறியவர் இருபது ஆண்டு கழித்துத் தமிழுக்குச் செலுத்திய நன்றிக்கடன் அது எனலாம்.

ஏறிய புகழும் இறங்கிய புகழும்

1950களின் இறுதியில் அவர் வாழ்வில் சரிவு தொடங்கியது. அவர் பாடல்களின் உயிரென விளங்கிய லதா மங்கேஷ்கரோடு வேறுபாடு தோன்றி, இருவரும் பிரிந்தனர். சாந்தாராமின் நவரங் (1959) போன்ற வெற்றிகள் ஆஷா போஸ்லேயின் குரலில் வந்தபோதும், படங்கள் குறைந்தன. தாம் திறந்த வழியில் புதியவர்கள் ஓடத் தொடங்கியதை அவர் கண்டார். வழி திறந்தவனை வழிப்போக்கர் நினைப்பதில்லை என்பது உலகியற்கை அன்றோ!

எனினும் ஒரு நாள் மிச்சமிருந்தது. சீனப் போர் முடிந்த சில திங்களில், 1963 சனவரி 27ஆம் நாள், தில்லியில் பெருங்கூட்டத்தின் முன், போரில் மாண்ட வீரரை நினைந்து கவி பிரதீப் எழுதிய பாட்டை லதா பாடினார். மெட்டமைத்தவர் ராமச்சந்திரா. கேட்டிருந்த நேரு கண்கலங்கினார். இன்றும் குடியரசு நாளில் அப்பாட்டு ஒலிக்காத ஊர் இல்லை. பாங்கோவும் டிரம்பெட்டும் கொண்டு நாட்டை ஆடவைத்தவர், அமைதியான மெட்டொன்றால் நாட்டை அழவும் வைத்தார்.

பின்னர் மராத்தியில் சில படங்களை எடுத்தார், நடித்தார், இசையமைத்தார். 1977இல் தம் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் வெளியிட்டார். 1982 சனவரி 5ஆம் நாள் பம்பாயில் காலமானார். அறுபத்து நான்கு நிறைய ஒரு வாரமே இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களின் இசை அவர் விட்டுச்சென்ற செல்வம்.

பெயர் இல்லாதோர் கணக்கு

அவர் துணைவர் என்னவாயினர்? சிக் சாக்லேட் 1967இல், ஐம்பது வயதை ஒட்டி மறைந்தார். எழுதித் தருவதில் வல்லவரான செபாஸ்டியன் டிசோசா 1998இலும், பிராங்க் பெர்னாண்ட் 2007இலும் மறைந்தனர். பிராங்க் தம் மொழிக்குத் தொண்டு செய்ய விரும்பி 1960களில் கொங்கணிப் படங்களைத் தயாரித்தார். அந்தோணி கொன்சால்வஸ் என்னும் வயலின் ஆசிரியரின் பெயரை மட்டும் நாடு அறியும். ஆனால் அது ஒரு மனிதருடைய பெயர் என்று அறியாது. 1977இல் வந்த அமர் அக்பர் அந்தோணி படத்தில், இசையமைப்பாளர் பியாரேலால் தம் ஆசிரியருக்குக் காணிக்கையாக அப்பெயரைப் பாட்டிலேயே ஏற்றினார். ஆசிரியர் 2012இல் கோவாவில் காலமானார். சா-சா-சா தாளத்தில் கொங்கணிப் பாட்டுகளை அமைத்த கிரிஸ் பெர்ரி (1928–2002), அவற்றைப் பாடிய லோர்னா ஆகியோர் கதையைத் தழுவி 2014இல் ஒரு கொங்கணிப் படம் எழுந்தது. இவை போன்ற நன்றிகள் விதிவிலக்குகள், மறதியே விதி.

இந்நிலை நம் நாட்டிலும் உண்டு. மெல்லிசை மன்னர் விசுவநாதனின் பாடல்களில் டிரம்ஸ் முழக்கிய நோயல் கிராண்ட், அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி ஆகியோரை எத்தனை பேர் அறிவர்? இக்கொச்சியில் பிறந்து, பழனி ஆசிரமத்தில் வளர்ந்து இசை பயின்ற எம். கே. அர்ஜுனன் 1968இல் மலையாளத் திரையில் இசையமைப்பாளரானபோது, அவர் மெட்டுகளுக்கு வாத்திய அமைப்புச் செய்து உடனிருந்தவர் ஆர். கே. சேகர். 1976இல் இளவயதில் மறைந்த அவரை, ஏ. ஆர். ரகுமானின் தந்தை என்ற அளவிலேயே நாம் நினைவுகூர்கிறோம். மகன் உலகப்புகழ் பெற்றிராவிட்டால் அந்த அளவும் நினைத்திருப்போமா?

அயல் தாளத்தை ஏற்றதால் ராமச்சந்திராவைச் சிலர் பழித்தனர். துறைமுகத்தில் நின்று பார்த்தால் அப்பழி நிலைக்காது. கலப்பதில் இழிவு இல்லை, வேண்டியது இரண்டே. நம் இராகம் நம்மிடம் இருக்க வேண்டும். தந்தவர் பெயரைச் சொல்லும் நேர்மையும் இருக்க வேண்டும். முதலாவதை ராமச்சந்திரா குறைவறச் செய்தார். இரண்டாவதை அவர் காலத்துத் திரையுலகம் செய்யத் தவறியது. அக்குறையைச் சிறிதளவேனும் தீர்ப்பது பின்வந்த நம் கையில் உள்ளது.

தோழர்களே, இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. நம் சங்க ஆண்டுவிழா அழைப்பிதழில் பாடுவோர் பெயரோடு தபேலா தட்டுவோர், கீபோர்டு வாசிப்போர் பெயரையும் அச்சிடுவோம். மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் பழைய மேடைக் குழுக்களில் வாசித்த முதியோர் இருக்கின்றனர். விடுமுறை நாளில் சென்று, எந்தப் பாட்டில் யார் யார் வாசித்தனர் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். வீட்டில் போட்டி நடனப் பாட்டு ஒலிக்கும்போது, மெட்டு சி. ராமச்சந்திராவினுடையது என்று தம்பி தங்கையர்க்கு ஒரு சொல் சொல்வோம். பாட்டு தானே வாழும் வலிமை உடையது. பாடுபட்டவர் பெயர், பிறர் சொன்னால்தான் வாழும்.